ஆறு முறைக்குத்தான் இருக்கிறது

இரவு இரண்டு நாற்பது. ஸ்கார்பரோ.
பாண் தொழிற்சாலையின் மாவு இன்னும் என் இமைகளில்.
பிரிம்லி வீதியில் பேருந்து இறக்கிவிட்டுப் போனதும்
விரல்களுக்கிடையில் சாவிகளைச் செருகிக்கொண்டு
பதினோரு வீடுகளைக் கடந்து வருவேன்.
இதுவரை யாரையும் கீறியதில்லை.

மார்ச் மாதம்.
பாதி உருகி, மறுபடி இறுகிய பனி.
நிலக்கீழ் அறைக்கு இறங்கும் படிகளுக்கும் எனக்கும் நடுவில்
அது நின்றது.
பூனை என்று நினைத்து
பூனைகளைக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டும்விட்டேன்.

முன்கால்களால் தரையைத் தட்டியது.
தட், தட்தட்.
வாடகை கேட்க வந்தவர் கதவைத் தட்டுவதுபோல
அத்தனை மரியாதையாக.
இரண்டடி பின்வாங்கி
மறுபடியும் தட்டியது.
சீறியது.
வாலைத் தூக்கியது. நுனி மட்டும் இன்னும் தளர்ந்திருந்தது,
முடிவெடுக்கக் கொஞ்சம் நேரம் இருப்பதுபோல.

ஸ்கங்க்.
மறுநாள்தான் வாசித்தேன்:
அதன் பைகளில் ஐந்தாறு முறைக்குத்தான் இருக்கிறதாம்.
தீர்ந்தால் மறுபடி ஊறப் பத்து நாள்.
அந்தப் பத்து நாளும் அது
கோடு போட்ட வெறும் பூனை.
ஆந்தைக்குச் சோறு.
அதனால்தான் தட்டுகிறது, சீறுகிறது,
கறுப்பு முதுகில் வெள்ளையால் எழுதி
தூரத்திலேயே படித்துக்கொள் என்கிறது.
கோபத்தைச் சில்லறைபோல் எண்ணி வைத்திருக்கும் பிராணி.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது.
குதிகால் பச்சைத் தொட்டியில் இடித்தது,
தொட்டி சரிந்து மூடி உருண்டது,
மேல்வீட்டு விளக்கு தானாக எரிந்தது.
அது உடலை வளைத்தது.
முகமும் வாலும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தன.

முதலில் வந்தது வாசனையல்ல, எரிச்சல்.
மிளகாய், பூண்டு, கருகும் ரப்பர்
எல்லாம் கண்ணுக்குள்.
ஒருகாலத்தில் பூவின் மணத்துக்கும்
நாற்றம் என்றுதான் பெயர் என்று
பள்ளியில் படித்தது ஏனோ அப்போது நினைவுக்கு வந்து
பனியில் உட்கார்ந்து சிரித்தேன்.
கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

மேலே ஜன்னல் திறந்தது.
"பிள்ளை, உள்ளுக்க வந்திடாதையும்! அங்கயே நில்லும்!"
கிருபாலினி அக்கா கதவிடுக்கால் வாளியை நீட்டினார்.
ஹைட்ரஜன் பெராக்சைடு, அப்பச்சோடா,
பாத்திரம் கழுவும் சோப்பு.
தக்காளிச் சாறெல்லாம் சும்மா கதையாம்.
மூன்றரை மணிக்கு, கராஜுக்குள்,
நுரைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றேன்.
தோல் ஓரளவு மன்னித்தது.
முடி மன்னிக்கவில்லை.
கோட்டைக் கறுப்புப் பையில் கட்டி வெளியே வைத்தோம்.

அடுத்த நாள் மைனஸ் ஒன்பது.
என்னிடம் இன்னொரு கோட் இல்லை.

வேலைக்குப் போகும் பேருந்தில் ஒருவர் வருவார்.
இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும்
என் பக்கத்தில்தான் உட்காருவார்.
முழங்காலை மெல்ல மெல்ல அகட்டுவார்.
எட்டு மாதமாக நான்
ஜன்னலோடு ஜன்னலாகச் சுருங்கியிருக்கிறேன்.
ஒருமுறை எக்ஸ்கியூஸ் மீ என்றேன்.
ஒருமுறை பையை நடுவில் வைத்தேன்.
ஒருமுறை வெறுமனே இருமினேன்.
இப்போது யோசித்தால்
அவையெல்லாம் தட்டல்கள்.

அன்றும் வந்து உட்கார்ந்தார்.
மூக்குச் சுருங்கியது.
என்னைப் பார்த்தார், முதல்முறையாக என் முகத்தை.
எழுந்து, கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு
ஓட்டுநர்வரை போய் நின்றார்.
மற்றவர்களும் விலகினார்கள்,
பள்ளிப் பையன் ஒருவன் தொப்பியால் மூக்கைப் பொத்தினான்.
கூச்சமாகத்தான் இருந்தது.
காது சூடாகியது.
ஆனால் என் இரண்டு முழங்கால்களும்
அவற்றுக்குப் பிடித்த இடத்தில் இருந்தன.

கோட்டுக்கென்று புதிதாகக் கலந்து தரட்டுமா என்கிறார்
கிருபாலினி அக்கா.
நாளைக்கு என்கிறேன்.
நான்காவது நாளாக, நாளைக்கு.

அதை அப்புறம் காணவில்லை.
தொட்டியடியில் சின்னக் கால்தடங்கள் மட்டும்
உறைந்து கிடக்கின்றன.
எங்கோ ஒரு பொந்தில் ஊறக் காத்திருக்கும்.
இரவில் வந்து இறங்குமுன்
முதல் படியில் காலால் தட்டுகிறேன்.
தட், தட்தட்.
நான்தான்.